அவனுக்கு ஏன் கூடன்னு கேக்காதீங்க, நமக்கு ஏன் கொறைச்சல்னு கேளுங்க

பதிவு கொஞ்சம் நீளம். வேலைக்குப் போறவங்க, பிள்ளைங்கள வேலைக்கு அனுப்புறவங்க பொறுமையா படிங்க.

தைப்பூசம் முடிஞ்சதுல இருந்து நாலஞ்சு பேர் எங்ககிட்ட ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேட்டுட்டாங்க. “அண்ணே, நேத்து வந்தவனுக்கு என்னைவிட சம்பளம் கூட. மனசே ஆறல. என்ன செய்யறது?” கேட்டவங்கள்ல ஒருத்தர் கையுறை ஃபேக்டரியில ஆப்பரேட்டர். ஒரு அக்கா கிளினிக்ல கவுண்டர் வேலை. ஒரு தம்பி லாரி கம்பெனி ஸ்டோர்ல இருக்கார். எல்லாரும் இதைக் கோயில்ல வச்சுத்தான் கேட்டாங்க. வேலை இடத்துல வாய் திறந்து பேச முடியாத விஷயம், சாமி சன்னிதிக்கு வெளியில செருப்பு மாட்டும்போது வெளிய வருது.

இது எங்களுக்கும் நடந்ததுதான். எங்களுக்குன்னு சொன்னா, அன்னதானக் குழுவுல இருக்குற ரெண்டு பேருக்கு. ஒரே ஃபேக்டரியில, வேற வேற லைன்ல ரெண்டு பேரும் சூப்பர்வைசர். இருபது வருசத்துக்கு மேல ஒரே கேட்டுல கார்டு தட்டிட்டு உள்ள போறோம். அதனாலதான் இந்தப் பதிவ “நாங்க”ன்னே எழுதுறோம். ஃபேக்டரி பேரு இங்க வேணாம். யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதல. கேட்ட நாலஞ்சு பேருக்கும், கேக்காம மனசுக்குள்ள வச்சிருக்குற நாப்பது பேருக்கும் உபயோகப்படட்டும்னுதான் எழுதுறோம்.

எங்களுக்கு எப்படித் தெரிய வந்ததுன்னா, எங்க ஃபேக்டரியிலயே ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு தம்பி சூப்பர்வைசரா சேர்ந்தார். டிப்ளோமா படிச்ச பையன். நல்ல பையன். நம்ம ஆலயத்துக்கும் வருவார், சோத்துப் பானை இறக்கணும்னா முதல் ஆளா வந்து ஒரு பக்கம் பிடிப்பார். அவருக்கு வீட்டுக் கடன் போட பேங்க்ல மூணு மாச சம்பள சிலிப் கேட்டிருந்தாங்க. “அண்ணே, இந்த ஃபாரத்த சரியா நிரப்பியிருக்கேனான்னு கொஞ்சம் பாருங்க”ன்னு எல்லாக் காகிதத்தையும் ஒரு ஃபைல்ல போட்டுக் கொண்டு வந்து எங்க கையில கொடுத்தார். சிலிப் மேலேயே இருந்தது.

அந்த வேலைய அவருக்குச் சொல்லிக் கொடுத்தவங்களே நாங்கதான். எந்த மெஷின் எந்தச் சத்தம் போட்டா டெக்னிஷியன கூப்பிடணும், ராத்திரி ஷிப்ட்ல யார் தூங்கி விழுவாங்க, ரிஜெக்ட் கூடினா முதல்ல எங்க பாக்கணும், எல்லாம் எங்ககிட்ட கத்துக்கிட்டது. அந்தத் தம்பியோட அடிப்படைச் சம்பளம் எங்களதைவிட ஐந்நூத்திச் சொச்சம் வெள்ளி கூட இருந்தது.

மனசு சுட்டுச்சு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டோம்.

ஃபாரத்த நிரப்பிக் கொடுத்தோம். ஒரு இடத்துல கையெழுத்து விட்டுப் போயிருந்தது, அதைக் காட்டினோம். தம்பி நன்றி சொல்லிட்டுப் போனார். அப்புறம் ரெண்டு பேரும் ஒரு பென்சில எடுத்துக்கிட்டு உக்காந்து கணக்குப் போட்டோம். ஏன்னா, கோபத்துல மனசு போடுற கணக்கும் காகிதத்துல போடுற கணக்கும் வேற.

அந்தக் கணக்க உங்களுக்கும் காட்டுறோம். தம்பியோட உண்மையான தொகைய இங்க எழுதல, அது அவர் சொந்த விஷயம். சுலபமா புரியுற மாதிரி வேற எண் வச்சிருக்கோம். வித்தியாசம் ஏறக்குறைய அதேதான்.

பழைய ஆளுக்கு அடிப்படை 3,120 வெள்ளி. புது ஆளுக்கு 3,640 வெள்ளி. வித்தியாசம் 520.

நம்ம நாட்டுச் சட்டப்படி மாசச் சம்பளத்த 26 ஆல வகுத்தா ஒரு நாள் கூலி. அதை ஒரு நாள் வேலை நேரம் 8 ஆல வகுத்தா ஒரு மணி நேரக் கூலி. சாதாரண நாள் ஓ.டி.க்கு அதைப் போல ஒன்றரை மடங்கு. பழைய ஆளுக்கு மணிக்கு 15 வெள்ளி, ஓ.டி. 22 வெள்ளி 50 காசு. புது ஆளுக்கு மணிக்கு 17 வெள்ளி 50 காசு, ஓ.டி. 26 வெள்ளி 25 காசு. ஒரே ராத்திரி, ஒரே கூரை, ஒரே மெஷின் சத்தம். மணிக்கு 3 வெள்ளி 75 காசு வித்தியாசம். மாசம் 40 மணி நேரம் ஓ.டி. செஞ்சா 150 வெள்ளி. ஆக மொத்தம் மாசம் 670.

இது கையில வர்ற காசு. கண்ணுக்குத் தெரியாத காசு இ.பி.எஃப்.ல இருக்கு. ஐயாயிரம் வெள்ளிக்குள்ள சம்பளம் வாங்குற, 60 வயசுக்குக் கீழ உள்ள நமக்கு முதலாளி 13 விழுக்காடு போடணும், நாம 11 விழுக்காடு போடுறோம். மொத்தம் 24. அந்த 520 வெள்ளிக்கு மாசம் சுமார் 125 வெள்ளி. ஒரு வருசத்துக்கு 1,500 கிட்ட. பத்து வருசம்னா 15,000 வெள்ளி, டிவிடெண்ட் சேர்க்காம. ஐம்பது வயசத் தாண்டினவங்களுக்கு இந்தக் கணக்குதான் வயித்துல புளியக் கரைக்கும்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. ஓ.டி. காசுக்கு இ.பி.எஃப். கிடையாது. சொக்சோவுக்கு ஓ.டி.யச் சேர்ப்பாங்க, இ.பி.எஃப்.க்குச் சேர்க்க மாட்டாங்க. “அடிப்படை கொஞ்சம் கம்மிதான், ஆனா ஓ.டி. போட்டு நாலாயிரம் எடுத்துடுறேன்”னு நம்ம பிள்ளைங்க பெருமையா சொல்றாங்க. அந்த ஓ.டி. இன்னைக்குக் குடும்பத்த ஓட்டும். வேலைய விட்டு நின்ன பிறகு சோறு போடப் போறது அடிப்படைச் சம்பளத்துல பிடிச்ச காசு. அதனாலதான் அடிப்படையில வர்ற வித்தியாசத்த சின்னதா நினைக்கக் கூடாது.

சரி, இந்த வித்தியாசம் எப்படி வருது? யாரோ ஒருத்தர் உக்காந்து நம்மள ஏமாத்தணும்னு திட்டம் போட்டதா நாங்க நினைக்கல. புதுசா ஆள் எடுக்கும்போது கம்பெனி வெளியில என்ன விலை போகுதுன்னு பாக்குது. அந்த விலைய கொடுத்தாத்தான் ஆள் வரும். உள்ள இருக்குறவங்களுக்கு வருசத்துக்கு மூணு விழுக்காடு, நாலு விழுக்காடுன்னு இன்கிரிமெண்ட். அதுவும் ஆரம்பத்துல வாங்கின சின்னச் சம்பளத்து மேல ஏறுது. இருபது வருசம் ஏணியில ஏறினவன் பத்தாவது படியில நிக்கிறான். புதுசா வர்றவனுக்கு லிஃப்ட் பன்னிரண்டாவது மாடியில நிக்குது.

குறைந்தபட்சச் சம்பளத்தையும் பாருங்க. 2013-ல முதல் தடவையா வந்தப்போ தீபகற்பத்துல 900 வெள்ளி. அப்புறம் 1,000, 1,100, 1,200னு ஏறி, 2022-ல 1,500, 2025-ல 1,700. நல்லது, ஏறணும். கீழ இருக்குறவங்களுக்கு அது உயிர். ஆனா கீழ்ப்படி உசரும்போது மேல்படியும் உசரணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. 2013-ல எங்க சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல இருந்தது. இன்னைக்கு ரெண்டு மடங்குகூட இல்ல. பொறுப்பு குறைஞ்சதா? இல்ல, லைன் ஒண்ணு கூடியிருக்கு.

தம்பிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்ததுல நியாயமும் இருக்கு. அதையும் சொல்லணும். அவர் டிப்ளோமா படிச்சவர், எங்ககிட்ட எஸ்.பி.எம். சான்றிதழ்தான் இருக்கு. படிச்ச படிப்புக்கு ஒரு விலை உண்டு. அதுக்கு அவர் வாங்கின பி.டி.பி.டி.என். கடன இன்னும் கட்டிட்டு இருக்கார். ஆனா இருபது வருச அனுபவத்துக்கும் ஒரு விலை உண்டு. படிப்போட விலைய விளம்பரத்துல போடுறாங்க. அனுபவத்தோட விலைய யாரும் எழுதி வைக்கிறதில்ல, நாமளா எடுத்துச் சொன்னாத்தான் உண்டு.

இந்த விஷயத்த நாங்க நம்பிக்கையான சிலபேர்கிட்ட, தம்பி பேரச் சொல்லாம, பேசினோம். ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க. ஒருத்தர், “கொடுக்குற காசுக்கு மட்டும் வேலை செய்ங்க, கைய இழுத்துப் பிடிங்க”ன்னார். நாங்க கைய இழுத்தா லைன்ல நிக்குற ஆப்பரேட்டர் பொண்ணுங்க தலையிலதான் விடியும். இன்னொருத்தர், “அவன் எவனையோ காக்கா பிடிச்சிருப்பான், கொஞ்சம் கண்ணு வையுங்க”ன்னார். நம்ம கையில நம்பிக்கையா ஃபைலக் கொடுத்த பையன அப்படிப் பேச நாக்கு வரல. மூணாவது ஒரு பெரியவர், “போதும்ங்குற மனசு வேணும்ப்பா, எல்லாம் சாமி பாத்துக்குவார்”ன்னார். அவர் மேல மரியாதை உண்டு. ஆனா பதில் சொல்லாம விட முடியல. சாமி பாத்துக்குவார்ங்குறது உண்மைதான், அதுக்காக நாம வாய்க்குப் பூட்டுப் போடணும்னு சாமி எங்கேயும் சொல்லல.

கடைசியில சரியான வழிய சொன்னது வீட்டம்மாதான். வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே சொன்னாங்க: “அவனுக்கு ஏன் கூடன்னு போய்க் கேக்காதீங்க. நமக்கு ஏன் கொறைச்சல்னு கேளுங்க. முதல் கேள்வி கேட்டா அவன் சோத்துல கை வைக்கிறீங்க. ரெண்டாவது கேள்வி கேட்டா உங்க சோத்தக் கேக்குறீங்க.”

அதுக்கு மேல எங்களுக்கு வேற உபதேசம் தேவைப்படல.

சாமி கும்பிடுற நமக்கு இந்த இடத்துல ஒரு புராணம் ஞாபகத்துக்கு வரணும். பெரிய புராணத்துல வர்றது, நம்ம ஓதுவார் ஐயாவும் பல தடவை சொல்லியிருக்கார். திருவீழிமிழலையில பஞ்சம். அடியார்களுக்குச் சோறு போட அப்பர் சுவாமிக்கும் சம்பந்தப் பெருமானுக்கும் சிவபெருமான் தினம் ஆளுக்கொரு பொற்காசு பீடத்துல வச்சுக் கொடுக்குறார். படிக்காசுன்னு பேரு. அப்பர் மடத்துல நேரத்தோட பந்தி போடுறாங்க. சம்பந்தர் மடத்துல மட்டும் சமையல் தாமசமாகுது. ஏன்னு விசாரிச்சா, அப்பருக்குக் கிடைக்குற காசு முழு மதிப்புக்குப் போகுது. சம்பந்தருக்குக் கிடைக்குற காசுக்குக் கடைக்காரன் வட்டம் கழிச்சுத்தான் சாமான் கொடுக்குறான். அந்தக் கழிவுக்குத்தான் வாசின்னு பேரு. அப்பர் உழவாரம் பிடிச்சுக் கையால தொண்டு செஞ்சவர், அதனால அவருக்கு வாசியில்லாத காசுன்னு பெரியவங்க காரணம் சொல்வாங்க.

இப்போ சம்பந்தர் என்ன செஞ்சார்னு கவனிங்க. அப்பரக் குறை சொல்லல. “அவர் காசயும் கழிச்சுக் கொடு”ன்னு கேக்கல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மடத்த மூடல. நேரா சாமிகிட்டயே போய், என் காசுல இருக்குற வாசியத் தீர்த்துக் கொடுன்னு பதிகம் பாடிக் கேட்டார். மறுநாள்ல இருந்து நல்ல காசு வந்தது. ரெண்டு மடத்துலயும் ஒரே நேரத்துல பந்தி. அப்புறமும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தலம் தலமா போனாங்க.

பணக் கஷ்டம் தீரணும்னு நம்மள்ல எத்தனையோ பேர் அந்தப் பதிகத்த தினம் பாராயணம் பண்றோம். அது பொறந்த காரணத்த ஒரு நிமிசம் நினைச்சுப் பாருங்க. கூட இருக்குறவருக்கு முழுசா கிடைக்குது, எனக்குக் கழிவோட கிடைக்குதுன்னு ஒரு ஞானக் குழந்தை சாமிகிட்டயே வாய் விட்டுக் கேட்ட பதிகம் அது. கொடுத்தவர் சிவபெருமான்னு தெரிஞ்சும் கேட்டார். நாம மேனேஜர்கிட்ட கேக்கப் பயப்படுறோம்.

அது சாமி கதை, நமக்கு ஒத்து வராதுன்னு சொல்றவங்களுக்கு இந்த மண்ணோட கதை ஒண்ணு. 1941-ல இதே கிள்ளான் வட்டாரத்துக் கித்தாத் தோட்டங்கள்ல நம்ம ஆளுங்க பெரிய வேலைநிறுத்தம் செஞ்சாங்க. அவங்க கேட்டதுல முக்கியமான ஒண்ணு, சீனத் தொழிலாளிக்குக் கிடைக்குற கூலிக்குச் சமமா இந்தியத் தொழிலாளிக்கும் வேணும்ங்குறது. கள்ளுக்கடைய மூடணும், துரை எதிர்ல சைக்கிள விட்டு இறங்காம போக விடணும்னும் கேட்டாங்க. தலைமை தாங்கின ஆர். எச். நாதன் அவர்களக் கைது பண்ணி நாடு கடத்தினாங்க. ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டுல உயிர் போச்சு. அன்னைக்கும் அவங்க சீனத் தொழிலாளி கூலியக் குறைன்னு கேக்கல. எங்களுக்கும் அதே அளவு கொடுன்னுதான் கேட்டாங்க. உயிரக் கொடுத்துக் கேட்டவங்களோட பேரப் பிள்ளைங்க நாம. ஏர்கோன் ரூம்ல உக்காந்து மரியாதையா கேக்குற வசதி நமக்கு இருக்கு.

இனி நாங்க என்ன செஞ்சோம்னு சொல்றோம்.

முதல்ல தம்பிய உக்கார வச்சு நேரா சொன்னோம். “உன் சிலிப்ப பாத்தது பாத்ததுதான். நாங்க சம்பளம் கேக்கப் போறோம். உன் பேரு எங்க வாயில இருந்து வராது.” பையன் முகம் சுண்டிப் போச்சு. “அண்ணே, வேணும்னா என் சிலிப்ப கொண்டு போய்க் காட்டுங்க, நீங்க கத்துக் கொடுத்த வேலைதானே”ன்னார். வேணாம்னுட்டோம். பல கம்பெனியில சம்பளத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு வேலை ஒப்பந்தத்துலயே எழுதியிருப்பாங்க. அவருக்குச் சிக்கல் வந்தா நமக்குக் கிடைக்குற காசு இனிக்காது. “உன் சம்பளம் ஒண்ணும் அதிகம் இல்லப்பா. எங்களதுதான் கொறைச்சல்”னு சொல்லித் தட்டிக் கொடுத்தோம்.

அப்போ ஆதாரத்துக்கு எங்க போறது? கம்பெனியே கொடுத்துச்சு. எங்க ஃபேக்டரி சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்நெட்ல போட்டிருந்த விளம்பரத்துல சம்பளம் இவ்வளவுல இருந்து இவ்வளவு வரைக்கும்னு பச்சையா போட்டிருந்தது. அந்தத் தொகையில ரொம்பக் கீழ உள்ளதுகூட எங்க சம்பளத்த விடக் கூட. பக்கத்து ரெண்டு ஃபேக்டரி விளம்பரத்தையும் எடுத்து பிரிண்ட் பண்ணினோம். எல்லாம் ஊருக்கே தெரிஞ்ச காகிதம், யார் ரகசியமும் இல்ல.

அடுத்து ஆளுக்கு ஒரு கடிதம், மலாயில, ஒரே பக்கம். எத்தனை வருசம், எத்தனை லைன், கீழ எத்தனை ஆப்பரேட்டர், எத்தனை புது சூப்பர்வைசருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை வருசமா மெடிக்கல் லீவு இல்ல. கடைசியில எவ்வளவு எதிர்பார்க்கிறோம்னு ஒரு எண். எங்க மகள் ஒருத்திதான் டைப் பண்ணிக் கொடுத்தா. “அப்பா, குடும்பக் கஷ்டத்த எழுதாதீங்க. வேலைய எழுதுங்க”ன்னா. சரியாப் பட்டுச்சு. பிள்ளை படிப்பு, வீட்டு வாடகை, அம்மா மருந்துச் செலவு எல்லாம் உண்மைதான். ஆனா அதைச் சொன்னா கேக்குறது உதவியாயிடும். நாங்க கேட்டது செஞ்ச வேலைக்கு விலை.

எச்.ஆர். மேனேஜர் மரியாதையாத்தான் பேசினார். “நீங்க ரெண்டு பேரும் ரொம்ப விசுவாசமானவங்க. ஆனா புதுசா வர்றவங்களுக்கு மார்க்கெட் விலை, இருக்கறவங்களுக்கு இன்கிரிமெண்ட், அதுதான் முறை”ன்னார். “அப்போ இருக்கறவங்க மார்க்கெட்ல இல்லையா சார்?”னு கேட்டோம். சிரிச்சார். பட்ஜெட் இல்ல, வருசக் கடைசியில பாக்கலாம்னார். “சரி சார், இன்னைக்குப் பேசினத ஒரு ஈமெயில்ல போட்டு அனுப்புறோம், வருசக் கடைசியில ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும்”னு சொல்லிட்டு வந்தோம். அன்னைக்கே அனுப்பினோம். மாசம் ஒரு தடவை, சண்டை இல்லாம, “அந்த விஷயம் என்ன ஆச்சு சார்?”னு கேட்டுக்கிட்டே இருந்தோம்.

நாலாவது மாசம் பதில் வந்தது. ரெண்டு பேருக்கும் அடிப்படையில 300 வெள்ளி கூட. முழுசும் கிடைக்கல. இன்னும் இருநூத்திச் சொச்சம் பள்ளம் இருக்கு. அடுத்த வருசம் திரும்பப் பாக்குறதா எழுத்துல வாங்கியிருக்கோம், திரும்பவும் கேப்போம். எங்களுக்கு அதைவிடச் சந்தோசம் வேற ஒண்ணுல. எங்க கடிதத்துக்குப் பிறகு பழைய ஆளுங்க எல்லார் சம்பளத்தையும் எடுத்துப் பாத்திருக்காங்க. பதினெட்டு வருசமா பேக்கிங் லைன்ல இருக்குற ஒரு மலாய்க்கார மக்சிக்குக்கும் ஏறிடுச்சு. அவங்க வாழ்க்கையில சம்பளம் கேட்டதே இல்ல. கேண்டீன்ல வந்து எங்களுக்கு நாசி லெமாக் வாங்கி வச்சுட்டு, ஒண்ணும் பேசாம போயிட்டாங்க.

இப்போ ஆலய உறவுகளுக்கு ஒரு விஷயம் மனசு விட்டுச் சொல்லணும்.

கோயில்ல நாம செய்யறது தொண்டு. அதுக்குக் கூலி கேட்டா பாவம். ஃபேக்டரியில செய்யறது வேலை. அதுக்குக் கூலி கேக்காம இருந்தா அது புண்ணியம் கிடையாது. நம்ம சனங்க ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிறாங்க. நல்ல பக்தன்னா வாய் திறக்காதவன்னு நினைக்கிறாங்க. முதலாளி லாபத்துக்காக ஓடுற மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டு, கைங்கரியம் பண்ற மாதிரி தலையக் குனிஞ்சுக்கிறாங்க.

கணக்குக் கேக்கத் தெரியாதவங்களா நாம? நம்ம ஆலயம் சங்கப் பதிவிலாகாவுல பதிஞ்சது. வருசா வருசம் பொதுக்கூட்டம் போட்டு, வரவு செலவ வாசிக்கணும். போன பொதுக்கூட்டத்துல பந்தல் செலவு ஐம்பது வெள்ளி கூடிடுச்சுன்னு எத்தனை பேர் எழுந்து நின்னாங்க? அரை மணி நேரம் ஓடுச்சு. தப்பே இல்ல, கேக்கணும். உண்டியல் எண்ணும்போது நாலு பேர் கண்ணு முன்னால எண்ணி, கையெழுத்துப் போட்டுத்தான் பேங்க்ல கட்டுறோம். சாமி காசுக்கு அவ்வளவு கறாரா இருக்குற நாம, சொந்தச் சம்பள சிலிப்ப மடிச்சு சட்டைப் பையில வச்சு வாஷிங் மெஷின்ல போட்டுடுறோம். பொதுக்கூட்டத்துல காட்டுற தைரியத்துல பாதிய மேனேஜர் ரூம்ல காட்டினா போதும்.

கேக்குறதுக்கு முன்ன உங்க சிலிப்ப நீங்களே ஒழுங்காப் படிங்க. அடிப்படை எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவுன்னு தனித்தனியா பாருங்க. ஓ.டி. ஒன்றரை மடங்கு சரியா வருதா, ஓய்வு நாள் ஓ.டி. ரெண்டு மடங்கா, பொது விடுமுறை ஓ.டி. மூணு மடங்கான்னு மேல சொன்ன மாதிரி வகுத்துப் பாருங்க. 2023 ஜனவரியில இருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், முன்ன மாதிரி 48 இல்ல. இ.பி.எஃப். பிடிச்ச காசு உண்மையாவே கணக்குல ஏறியிருக்கான்னு போன்லயே பாக்கலாம். இதுல எதாவது குறைஞ்சா அது சட்ட விஷயம். லேபர் ஆபிஸுக்கு நீங்களே போய்ப் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்ல.

ஆனா ஒண்ணு. ஒரே வேலைக்கு ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைன்னு இருக்குறது எல்லாமே சட்ட மீறல் கிடையாது. புது ஆளுக்கு வெளி விலை கொடுத்தாங்கங்குறதுக்காக வழக்குப் போட முடியாது. அது பேசித் தீர்க்க வேண்டியது. ஆனா இனம், மதம், ஆணா பெண்ணாங்குற காரணத்தால குறைச்சுக் கொடுத்தா அது வேற. வேலையில பாகுபாடு காட்டுனா அதை விசாரிச்சு முடிவு சொல்ற அதிகாரம் 2023-ல இருந்து தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநருக்கு வேலைச் சட்டத்துலயே இருக்கு. அந்த மாதிரி சந்தேகம் இருந்தா தேதி போட்டு எழுதி வைங்க, காகிதத்தச் சேர்த்து வைங்க.

கேட்டும் கிடைக்கலன்னா? அப்போ வெளியில உங்க விலை என்னன்னு பாருங்க. நாப்பது வயசுக்குள்ள இருக்குறவங்க கண்டிப்பா பாருங்க. வேற இடத்துல ஆஃபர் கையில இல்லாம மட்டும் “வேலைய விட்டுடுவேன்”னு மிரட்டாதீங்க. எங்க வயசுக்காரங்களுக்கு வெளிய போறது சுலபமில்ல, அது எங்களுக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். அதுக்காக வாய மூடிக்கணும்னு இல்ல. திரும்பத் திரும்ப, மரியாதையா, எழுத்துல கேளுங்க.

எது நடந்தாலும் கூட வேலை செய்யறவர் மேல பகைய வளத்துக்காதீங்க. அவர் சம்பளத்த நிர்ணயிச்சது அவர் இல்ல. எங்க தம்பிக்கு வீட்டுக் கடன் கிடைச்சிடுச்சு. புதுமனைப் புகுவிழாவுக்கு எங்க ரெண்டு குடும்பமும் போய்ப் பால் காய்ச்சிட்டு வந்தோம். இந்தப் பதிவையும் அவர்கிட்ட காட்டிட்டுத்தான் போடுறோம்.

சம்பளக் கடிதம் எழுதணும், சிலிப் கணக்குப் பாக்கணும்னு யாருக்காவது தேவை இருந்தா ஞாயித்துக்கிழமை காலையில தேவார வகுப்பு முடிஞ்ச பிறகு நூலக அறைக்கு வாங்க. நாங்க ரெண்டு பேரும் இருப்போம். மலாய்ல எழுத எங்க மகள் உதவுவா. உங்க சிலிப் உங்க கையிலயே இருக்கட்டும், எண்ணை மட்டும் சொன்னா போதும். அந்த அறையில பேசுறது அந்த அறைய விட்டு வெளிய போகாது.

எல்லாருக்கும் உழைப்புக்கேத்த கூலி வாசியில்லாம கிடைக்க திருவீழிமிழலை நாதர் அருள் புரியட்டும்.

திருச்சிற்றம்பலம்.